27 கோல்களில் அடங்காத பார்க் ஜி-சுங்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசியக் கால்பந்து வீரர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, தென் கொரிய நடுக்கள வீரர் பார்க் ஜி-சுங்கிற்கு ஒரே ஒரு வரியை ஒதுக்கியிருந்தது: மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக 205 ஆட்டங்கள், 27 கோல்கள். எண்களில் பிழையில்லை. ஆனால் அவற்றை மட்டும் வைத்து அவரைச் சுமாரான வீரர் என்று முடித்துவிட்டது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது.

2002 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக, பந்தை மார்பில் வாங்கி, தடுக்க வந்தவரை ஏமாற்றி, இடது காலால் அவர் அடித்த கோலைப் பலரும் அறிவர். அதன் பிறகு அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த உலகக் கோப்பையில் கொரிய அணியின் பயிற்சியாளராக இருந்த ஹிடிங்கைப் பின்தொடர்ந்து 2003இல் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் அணிக்குச் சென்றவரை, முழங்கால் காயத்தால் ஆட்டம் தடுமாறிய நாட்களில், சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். அவர் ஊர் திரும்பிவிடவில்லை. ஐரோப்பாவின் முன்னணிக் கழக அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தொடரின் 2005 அரையிறுதியில் ஏ.சி. மிலானுக்கு எதிராக அதே மைதானத்தில் ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். அந்த ஆண்டே மான்செஸ்டர் யுனைடெட் அவரை அழைத்துக்கொண்டது.

2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிரான இரு ஆட்டங்களிலும் முழு நேரமும் ஓடி உழைத்தவருக்கு, மாஸ்கோ இறுதிப் போட்டியில் மாற்று வீரர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த முடிவுக்காக யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசனே பின்னாளில் வருந்தினார். மறு ஆண்டு ரோமில் தொடக்க அணியிலேயே களமிறங்கி, சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் ஆடிய முதல் ஆசியர் ஆனார்.

என்றாலும், அவருடைய அருமையை அறிய 2010 மார்ச்சில் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் மிலானுக்கு எதிராக நடந்த ஆட்டம் ஒன்றே போதும் என்பேன். மிலானின் தாக்குதல்கள் அனைத்துக்கும் ஊற்றுக்கண்ணாக விளங்கிய பிர்லோவை நிழல்போல் தொடர்ந்து, அவரை நிமிர்ந்து பார்க்கக்கூட விடாமல் முடக்கியதோடு, தாமும் ஒரு கோல் அடித்தார் பார்க். யுனைடெட் 4-0 என வென்றது. பிர்லோ தம் தன்வரலாற்றிலும் அந்த இரவை மறக்காமல் எழுதியிருக்கிறார். இந்த உழைப்பைக் குறிக்கக் கோல் பட்டியலில் ஏது இடம்?

அந்த ஓட்டத்துக்கு விலை கொடுத்தவை அவருடைய முழங்கால்கள்தாம். 2014இல் அவர் ஓய்வு பெற்றதும் அதனால்தான். தங்கள் கட்டுரையாளர் அந்த மிலான் ஆட்டத்தின் பதிவை ஒருமுறை, பந்தை விட்டுவிட்டு பார்க்கின் மீது மட்டும் கண் வைத்துப் பார்த்தபின், அவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்