உப்புக் களத்தின் உடைந்த ஓடுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரோமானியர் காலத்து உப்புக் களங்களின் அகழாய்வு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சந்தோஷம். ஆனால் இங்கிலாந்தின் நான்ட்விச் ஊற்று உப்புநீரைக் காய்ச்சிய ஈயத் தொட்டிகளுக்கே பாதி இடம் போய்விட்டது, எசெக்ஸ் கடலோரத்துச் செம்மேடுகளுக்கு ஒரே ஒரு வரிதானா?

அங்கே வெயிலை மட்டும் நம்பி உப்பு எடுக்க முடியாது. அதனால் கடல்நீரைக் களிமண் தொட்டிகளில் தேக்கித் தெளியவைத்து, அப்புறம் மண் பாத்திரங்களில் ஊற்றி, அடுப்பில் மணிக்கணக்காகக் காய்ச்சினார்கள். உடைந்த பாத்திரமும் அடுப்பு மண்ணும் சாம்பலும் அங்கேயே குவிந்து குவிந்துதான் அந்தச் சிவப்பு மேடுகள் உருவாயின. அவற்றில் சில, ரோமானியர் வருவதற்கு முன்பே தொடங்கியவை. 2009இல் தேம்ஸ் கழிமுகத்தில் ஸ்டான்ஃபோர்ட் வார்ஃபைத் தோண்டியபோது, சதுப்புநிலச் செடிகளையே விறகாக எரித்தது சாம்பலிலிருந்து தெரியவந்தது. எவ்வளவு பெரிய விஷயம் இது!

பாத்திரங்களைத் தாங்க ஈரக் களிமண்ணைக் கையால் பிசைந்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகள் சிலவற்றில் பிசைந்தவரின் விரல் தடம் அப்படியே இருக்கிறது. ஈயத் தொட்டிகள் சிலவற்றில் பெயர் பொறித்திருக்கும், சரி, ஆனால் அடுப்படியில் வெந்தவர்களைப் பற்றி நமக்கு மிஞ்சியது அந்த விரல் தடம்தான்.

அடுத்த முறை அப்படி ஒரு துண்டின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்