பழைய பிக்கப்புக்கு வெளிச்சத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

கவுந்தப்பாடி, பவானி வட்டாரத்தில் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆலையின் நாட்டுச் சர்க்கரை மூட்டைகளைக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும், வெல்லத்தைச் சித்தோட்டுக்கும் ஏற்றிச் செல்லும் 2004 மாடல் டாடா 207 பிக்கப் வண்டி, இந்தக் கரும்புப் பருவத்தின் தொடக்கத்திலேயே இரவில் ஓட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. ஹெட்லைட் மங்கிப்போனது, பிரேக்கை மிதித்தால் வலப்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கியது, காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்ததால் ஆட்களைக் கொண்டு தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம். கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய சாலைகளில் கரும்பு டிராக்டர்களுக்கு இடையே அரைகுறை வெளிச்சத்தில் செல்வது எங்கள் உயிருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து. விசாரித்த ஓரிடத்தில் ஒயரிங் முழுவதையும், டைனமோவையும் மாற்றச் சொன்னார்கள். பருவத் தொடக்கத்தில் அவ்வளவு பணம் எங்கள் கையில் இல்லை.

முதல் நன்றி, பவானியிலிருந்து கருவிப் பெட்டியோடு ஆலைக்கே வந்த ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணனுக்கு உரியது. "எர்த்தை மொதல்ல பார்த்துப்போட்டு அப்பறம் பல்பைப் பார்க்கலாங்க" என்று சொல்லி, எந்தப் பொருளையும் கழற்றுவதற்கு முன் அவர் மல்டிமீட்டரைத்தான் எடுத்தார். பிரேக் விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையைப் பின்விளக்கின் உலோகப் பகுதியிலும் வைத்தபோது, பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய அளவு 2 வோல்ட்டைத் தாண்டி நின்றது. பின்விளக்கின் எர்த் ஒயர், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் ஒயர், சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) சேரும் போல்ட் துருவேறியிருந்ததால், பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியின்றி, பக்கத்து இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது; அதனால்தான் இண்டிகேட்டர் தானாக மினுங்கியது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, புது எர்த் ஒயர் போட்டு இறுக்கியதும் இரண்டு விளக்குகளும் தத்தம் வேலையை மட்டும் செய்தன. சர்க்கரைப் பாகும் ஈரமும் படிகிற எங்களைப் போன்றோரின் வண்டிகளில் இந்த போல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதை மற்ற ஆலைக்காரர்களும் அறிந்துகொள்வதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

ஹெட்லைட்டிலும் அவர் அளந்து பார்த்த பிறகே முடிவு சொன்னார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்தது. ஆகவே டைனமோவில் குறையில்லை. ஆனால் பல்ப் ஹோல்டரில் 11 வோல்ட்டுக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது. 60/55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். பழைய வண்டியில் அது முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள தேய்ந்த சுவிட்ச் வழியாகவே போகிறது. வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று அவர் விளக்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகளை) பொருத்தி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே ரிலேயின் 30ஆம் எண் முனைக்குத் தடித்த ஒயர் இழுத்து, 87ஆம் எண் முனையிலிருந்து விளக்குக்குக் கொடுத்தார். இப்போது சுவிட்ச் சுமப்பது ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டுமே. ரிலேக்களையும் ஒரு நல்ல ஹோல்டரையும் கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்து வாங்கிவந்த பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்கும் எங்கள் நன்றி.

பேட்டரி இறங்கும் காரணத்தைக் கண்டவள் பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் அக்கா மகள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தாள். பின்தொட்டி விளக்குக்குரிய இடத்தில் இருந்ததை உருவியதும் மீட்டரின் எண் சட்டென்று இறங்கியது. அங்கே ஃபியூஸுக்குப் பதிலாக யாரோ எப்போதோ செப்புக்கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அதற்கப்பால் எலி கடித்த ஒயர் சேஸிஸில் உரசி, இரவெல்லாம் மின்சாரத்தைக் கசியவிட்டிருந்தது. அந்தச் செப்புக்கம்பியால் வண்டியே தீப்பற்றியிருக்கக் கூடும். அப்படிக் கம்பி சுற்றியிருப்பவர்கள் இன்றே அதை அகற்றி, உரிய ஆம்பியர் ஃபியூஸைப் போடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

வெளிச்சம் கூடிய பின், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான மாமா ஒருவர், பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமுங்கி விளக்கொளி மேலேறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்று சொல்லி, மூட்டைகளை ஏற்றிய நிலையிலேயே ஆலைச் சுவரில் ஒளியடித்துப் பார்த்து இரு விளக்குகளையும் சரியான மட்டத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அவருக்கும், வண்டி நின்ற நாட்களில் தம் வண்டியை வாடகை வாங்காமல் அனுப்பிய பக்கத்து ஆலை அக்காவுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

அக்கா மகள் வரைந்த ஒயரிங் படமும், ஒரு மல்டிமீட்டரும், ஃபியூஸ் பெட்டியும் எங்கள் ஆலையிலேயே இருக்கின்றன. வண்டி விளக்கு தகராறு செய்யும் யாராக இருந்தாலும் வந்து எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
ஆலைக் குடும்பத்தார்,
கவுந்தப்பாடி வட்டாரம்