ஆறாத புண்ணுக்கு ஒரு மருந்து: உங்களிடம் கேட்டு வந்திருக்கிறோம்

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்துச் சொந்தங்களுக்கும், பிழைப்புக்காக பெங்களூரு, சென்னை, துபாய் என்று போய்விட்ட நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் எங்கள் குழுவின் சார்பில் எழுதுகிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன், ஆறாத புண்ணுக்கு ஒரு களிம்பு செய்து சோதிக்கப் பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம். முழுக்கப் படித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

என் அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய்விட்டு வந்தார். 14 கிலோமீட்டர், வெறுங்கால், 15 வருஷமாக சுகர். மறுநாள் காலையில் வீடு பெருக்கிக்கொண்டிருந்த அம்மா தரையில் பழுப்பாக ஈரத் தடம் இருப்பதைப் பார்த்தார், ஒவ்வொரு தடத்திலும் பெருவிரல் இடம் மட்டும் திட்டாக. “கால்ல என்னங்க?” என்று கேட்ட பிறகுதான் அப்பா பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு கிடந்தது. வலியே இல்லை. வலி இல்லாததால் சின்னப் புண் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மஞ்சள் வைத்தோம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆயின்மெண்ட் போட்டோம், யாரோ சொன்னார்கள் என்று இலையை அரைத்தும் கட்டினோம். 11 மாதம் ஆறவில்லை, கடைசியில் விரலை எடுத்தார்கள். எங்கள் குழுவில் இருக்கிற பாதிப் பேருக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது. படுக்கைப் புண், நரம்புச் சுருட்டல் புண், தீக்காயம் என்று பெயர் மட்டும் மாறும்.

புண் ஏன் மூடாமல் நிற்கிறது என்று குழுவில் உள்ள நர்ஸ் அக்கா ஒருமுறை சொன்னார். குடியாத்தத்துக்காரர், தறி வீட்டில் பிறந்தவர். ஒருத்தர் நெய்ய நெய்ய இன்னொருத்தர் இழையைப் பிரித்துக்கொண்டே இருந்தால் லுங்கி என்றைக்கு முடியும், அதுதான் உள்ளே நடக்கிறது என்றார். சாதாரணக் காயத்தில் வீக்கமும் சிவப்பும் சில நாளில் அடங்கி, புதுச் சதை பிடிக்கத் தொடங்கும். ஆறாத புண்ணில் அந்த முதல் கட்டமே முடிவதில்லை. கிருமியோடு சண்டை போட வந்த வெள்ளணுக்கள் கலையாமல் அங்கேயே நிற்க, அந்த இடத்தில் சுரக்கும் நொதிகள் (என்சைம்கள்), சதையைப் பிடித்து வைக்கப் புதிதாக உருவாகும் கொலாஜன் என்ற புரதத்தையே சிதைத்துவிடுகின்றன. போதாததற்குக் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வழவழப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். மாத்திரையோ களிம்போ அதைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம்.

இந்த விஷயத்தில் நம்ம ஊருக்கு ஒரு பாத்தியதை உண்டு. 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி மரத்த காலில் ஒரே இடத்தை அழுத்தி அழுத்தி நடப்பதால்தான் புண் ஆறாமல் இருக்கிறது என்று காட்டினார். மாவுக்கட்டு போட்டு அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் அதே புண் ஆறியது. இங்கேயும் 1955இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த அந்த வேலை, பிறகு மற்ற நாடுகளில் சுகர் புண்ணுக்கும் வழி காட்டியது. அதனால் களிம்பு மட்டும் போட்டால் போதும் என்று நாங்கள் ஒருநாளும் சொல்ல மாட்டோம். அழுத்தம் குறையணும், சுகர் கட்டுப்படணும், காலுக்கு ரத்தம் ஓடணும், செத்த தோலை வெட்டி எடுக்கணும். நாலு வாரத்தில் புண்ணின் அளவு பாதியாகவாவது குறையவில்லை என்றால் வைத்தியத்தை மறுபடி யோசிக்க வேண்டும், தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஆனால் இத்தனையும் ஒழுங்காகச் செய்த பிறகும் மூடாத புண்கள் இருக்கின்றன. எங்களுக்கு மருந்து வேண்டியிருப்பது அவற்றுக்குத்தான்.

மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. சதை வளரத் தூண்டும் புரதத்தை வைத்துச் செய்த பெகாப்லெர்மின் என்ற ஜெல்லுக்கு அமெரிக்காவில் 1997லேயே அனுமதி கிடைத்தது. விலை அதிகம், ஃபிரிட்ஜிலும் வைக்கணும். பீடி சுற்றும் வீட்டிலும் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் அது நடக்கிற காரியமா?

எங்களை உட்கார வைத்து யோசிக்க வைத்தது தைவானில் நடந்த ஒன்று. நம் கொல்லைப்புறத்தில் இருக்கிற அதே கற்பூரவல்லி, வல்லாரை இரண்டின் சாற்றையும் வைத்து அங்கே ஒரு களிம்பு செய்து, சுகர் கால் புண் உள்ள 236 பேரிடம் சோதித்தார்கள். 16 வாரத்தில் களிம்பு போட்டவர்களில் 60.7 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக மூடியது, வழக்கமான உறிஞ்சும் கட்டு போட்டவர்களில் 35.1 சதவீதம். 2021இல் முடிவு வெளியானது, அங்கே மருந்தாக அனுமதியும் கிடைத்தது. நாங்கள் அரைத்துக் கட்டியதும் வல்லாரைதான். அவர்கள் சாற்றைச் சுத்தம் பண்ணி, மருந்தின் அளவைச் சீராக்கி, கிருமி இல்லை என்று பார்த்து, வருஷக்கணக்கில் சோதித்தார்கள். அந்தப் பொறுமையான வேலைக்குத்தான் காசு கேட்கிறோம். சும்மா இலையைப் பறித்துப் புண்ணில் வைத்தால் மண்ணும் கிருமியும்தான் உள்ளே போகும், அப்பா விஷயத்தில் நான் செய்த அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

இப்போது எங்கள் திட்டம். வல்லாரையை முதன்மையாக வைத்து, ஃபிரிட்ஜ் இல்லாமல் நம்ம ஊர் வெயிலைத் தாங்கக்கூடிய ஒரு களிம்பு. ஒரு பார்மசி கல்லூரி ஆய்வகம் எங்களோடு சேர்ந்து நிற்கிறது. ஒரே செடியில் ஆடியில் பறித்த இலைக்கும் தையில் பறித்த இலைக்கும் சத்து ஒன்றாக இருக்காது, அதனால் ஒவ்வொரு தடவையும் அளந்து சமப்படுத்தணும். அப்புறம் களிம்பை 40 டிகிரி சூட்டிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து, கெடுகிறதா பிரிகிறதா என்று பார்க்கணும். அதோடு பாதுகாப்புச் சோதனைகள். இந்த முதல் கட்டத்துக்கு மட்டும் 14 லட்சம் ஆகும், இதுவரை சேர்ந்தது 3 லட்சத்து 80 ஆயிரம்.

இந்தக் கட்டத்தில் எந்த மனிதர் காலிலும் இதைப் போட மாட்டோம். அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், சோதனைப் பதிவு எல்லாம் வேண்டும். தாவரச் சாற்றை முறையாகச் சோதித்து மருந்தாக்க 2015 முதல் நம் நாட்டுச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது, அந்த வழியில்தான் போவோம். இந்தப் பணத்தால் நாளைக்கே மருந்து வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எங்கள் பெயரைச் சொல்லியே சொன்னாலும்.

பணத்தில் ஒரு சின்னப் பங்கு இன்னொரு வேலைக்குப் போகிறது. இப்போது வழக்கமான வைத்தியத்தில் இருக்கிறவர்களின் புண்ணை, அவர்கள் சம்மதத்தோடு, வாரம் ஒருமுறை அளக்கிறோம். புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து மார்க்கரில் ஓரத்தை வரைந்து, கட்டம் போட்ட காகிதத்தில் வைத்து எண்ணுவோம். வெறும் கட்டிலேயே எத்தனை பேருக்கு ஆறுகிறது என்று தெரியாமல் எந்தக் களிம்பையும் நல்லது என்று சொல்ல முடியாது. பேரணாம்பட்டிலிருந்து வருகிற ஒரு பெரியம்மா போன வாரம் தன் ஏழு தாள்களையும் வரிசையாகப் பரப்பி, “பாருப்பா, சுருங்குது” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவர் மாதிரி ஆட்களுக்குப் பஸ் காசும், கட்டுத் துணியும் இதிலிருந்துதான்.

100 ரூபாயானாலும் சரி, முடிந்ததைக் கொடுங்கள். குழு உறுப்பினர் யாரையாவது நேரில் கேட்டுக் கணக்கு விவரம் வாங்கி வங்கியில் மட்டும் போடுங்கள், யார் கையிலும் ரொக்கம் தர வேண்டாம், ரசீது கேட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

பணம் கொடுக்க முடியாதவர்களிடம் இன்னொன்று கேட்கிறோம். வல்லாரை மண்ணில் இருக்கிற உலோகத்தை இலைக்கு இழுத்துக்கொள்ளும், பாலாற்றுப் பக்கம் தோல் ஷாப்புக் கழிவு இறங்கிய நிலத்தடி நீரில் குரோமியம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் தொழிற்சாலைகளுக்குத் தள்ளி, நல்ல கிணற்றுத் தண்ணீரும் நிழலும் உள்ள கால் காணி நிலம் யாரிடமாவது இருந்தால், இரண்டு வருஷத்துக்கு எங்களுக்கு விடுங்கள். முதலில் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பை மண்ணும் எடுத்து வையுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துச் சொல்கிறோம்.