அத்தானிடம் நீர்தான் பேச வேண்டும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லும். ஊர்க்கதை நேரில்.

அக்கா வீட்டில் பெரிய சண்டை வே. மூத்த மகள் மாநில ஸ்னூக்கர் போட்டிக்கு, அதுதான் பெரிய மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டத்துக்கு, பேர் கொடுத்தது தெரிந்ததும், அத்தான் அவள் கியூவை, அந்த ஆட்டக் கோலை, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். “பொம்பளப்பிள்ளைக்கு அந்த எடத்துல என்னலே சோலி?” என்று என்னிடமும் சத்தம். அக்கா சரியாகச் சாப்பிடவே இல்லை. நீர் சொன்னால் மட்டும் கேட்பார். குறுக்குத்துறை விவகாரத்துக்கு அப்புறம் அது ஊரறிந்த சங்கதியாச்சே.

2025 நவம்பரில் தோகாவில் ஐ.பி.எஸ்.எஃப். என்கிற சர்வதேச ஸ்னூக்கர் சங்கத்தின் உலகப் பட்டத்தை வாங்கினாளே அனுபமா ராமச்சந்திரன், நம்ம மெட்ராஸ் பிள்ளை, அவளைச் சொல்லி ஆரம்பியும். எதிரே நின்றது ஹாங்காங்கின் இங் ஆன் யீ, மூன்று தடவை பெண்கள் உலகச் சாம்பியன். 2017-ல் சிங்கப்பூரில் நம்ம வித்யா பிள்ளையை 6-5 என்று கடைசி ஃபிரேமில், அதாவது கடைசி ஆட்டத்தில், மடக்கியதும் இவர்தான். அனுபமாவும் கடைசி ஃபிரேம் வரைக்கும் போய்த்தான் 3-2 என்று ஜெயித்தாள். எதிராளி விடாமல் பந்தைத் தள்ளிப் புள்ளி சேர்த்துக்கொண்டே போக, நாம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் வே. அங்கேதான் பாதிப் பேர் உடைந்துபோவது. அக்காவின் மூத்தவள் அதில் அசையமாட்டாள். போன மாசம் ஒரு பையன் மளமளவென்று பந்துகளைக் குழியில் தள்ளிக்கொண்டே போய் ஒரு சிவப்புப் பந்தைத் தவறவிட்டான். இவள் நிதானமாக எழுந்து, வெள்ளைப் பந்தைப் பிரவுன் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். சிவப்பை நேரே அடிக்க வழியில்லாமல் அவன் ஃபவுல் மேல் ஃபவுல் கொடுத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வெள்ளைக்காரன் ஆட்டம் என்பார் அத்தான். 1882-ல் இதற்குச் சட்டம் எழுதி ஒட்டியதே நம்ம ஊட்டி கிளப்பில்தான் என்று ஒரு வார்த்தை போட்டு வையும்.

ஆனால் “இது சோறு போடுமா?” என்று கேட்கிறாரே, அது நியாயம். அதற்கு, ஸ்னூக்கரும் அதே மாதிரி மேசை ஆட்டமான பில்லியர்ட்ஸும் ஆடுகிற நம்ம நாட்டுப் பங்கஜ் அத்வானியைச் சொல்லும். 2003-ல் சீனாவில் உலக அமெச்சூர் பட்டம் எடுத்தபோது வயசு 18. ஓ.என்.ஜி.சி. என்கிற மத்திய அரசின் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம். 2012-ல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார், 2014-ல் அதை விட்டுத் திரும்பிவிட்டார். பில்லியர்ட்ஸையும் விட மனசில்லை, ஊரையும் விட மனசில்லை. திரும்பி வந்து 2015-ல் எகிப்திலும் 2017-ல் தோகாவிலும் அதே உலகப் பட்டத்தை மறுபடி எடுத்தார். பெரிய பணத்தை விட்டுவிட்டு வந்த அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மரியாதை கூடுகிறது. எல்லாருக்கும் அப்படி அமையாது. அதையும் அத்தானிடம் மறைக்காதீர். டிகிரியை முடிக்கட்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் எழுதட்டும்.

எனக்குள்ள கவலை வேறே. இங்கே மழை பிடித்தால் மேசைத் துணி ஈரம் இழுத்துக்கொள்கிறது, பந்து நகரமாட்டேன் என்கிறது. பெரிய போட்டிகளில் துணிக்குக் கீழே இருக்கிற ஸ்லேட் கல்லுக்கு அடியில் சூடு வைத்துத் துணியைக் காய்ந்தபடியே வைத்திருப்பார்கள்; லேசாகத் தொட்டாலே வெள்ளை ஓடும். இங்கே பழகின கை அங்கே போனால் திணறும். பந்தைக் குழியில் தள்ள நிறையப் பேருக்கு வரும் வே. அடுத்த அடிக்கு வெள்ளை எங்கே வந்து நிற்கிறது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. அந்தக் கணக்கு கைக்குப் படிய நல்ல மேசை வேண்டும், மேலே வந்தவர்களோடு ஆட வேண்டும். அதனால் கோடை லீவில் அவள் உம் வீட்டில் தங்கி அங்கே பழகட்டும். தங்கச்சியிடம் முதலில் கேட்டுக்கொள்ளும். செலவு என் பொறுப்பு. அதில் மட்டும் மறுபேச்சு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கூப்பிடாதீர், அவர் தம்பி வந்து உட்கார்ந்திருப்பான், காரியம் கெட்டுப்போகும். திங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்பிடும். முதலில் வயலைப் பற்றிக் கேளும். சரி என்றாரானால் அக்காவிடமே சொல்லிவிடும். மாட்டேன் என்றால் எனக்கு மட்டும் சொல்லும். மறுநாளே பஸ் ஏறி வருகிறேன், உட்கார்ந்து யோசிப்போம்.

இப்படிக்கு,
உம் மாப்பிள்ளை