உன் மாணவிகளை எங்கள் வகுப்புக்கு அழைத்து வா

நகரி, ஆந்திரா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். மாங்காய்க்கு விலை இல்லை, தறி வேலையும் மந்தம். பாதிப் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விட்டாலும் எங்கள் தமிழ் வகுப்பு இன்னும் நடக்கிறது.

நீ எழுதியதில் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. உன் ஆசிரியர் பயிற்சி மாணவிகள் பாடக்குறிப்பு அருமையாக எழுதுகிறார்கள், ஆனால் வகுப்பில் நின்றதும் தங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர் மாதிரியே ஆகிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அவர்களைக் குறை சொல்லாதே. டான் லார்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை 1975-லேயே எழுதிவிட்டார். ஆசிரியராக வருகிறவர், பயிற்சியில் சேரும் முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தவர். ஆனால் அவர் பார்த்தது வெளியே தெரிந்ததை மட்டும்தான். டீச்சர் ஏன் அந்தக் கணக்கை முதலில் போட்டார், எதை யோசித்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கினார் என்பதெல்லாம் பெஞ்சில் இருந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. அந்த யோசனையைக் கண்ணால் பார்க்க நாம் எங்கே வழி வைத்திருக்கிறோம்?

ஜப்பானில் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூன்று நாட்டிலும் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்ட ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் அதை விரிவாக எழுதினார்கள். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் தயார் செய்கிறார்கள். ஒருவர் எடுக்கிறார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசித் திருத்தி, இன்னொரு வகுப்பில் மறுபடி எடுக்கிறார்கள். முதல் வகுப்புக் கழித்தலுக்கு எந்த எண்ணில் தொடங்குவது என்றே நெடுநேரம் விவாதிக்கிறார்கள். நீயே யோசித்துப் பார். 13-லிருந்து 9 போக என்றால் பெரும்பாலான பிள்ளைகள் பத்தில் ஒன்பதைக் கழித்து, மிச்சம் ஒன்றோடு மூன்றைச் சேர்ப்பார்கள். 12-லிருந்து 7 போக என்றால் சிலர் அப்படிச் செய்வார்கள், சிலர் முதலில் இரண்டைக் கழித்துப் பத்துக்கு வந்து பிறகு ஐந்தைக் கழிப்பார்கள். இரண்டு வழியும் கரும்பலகைக்கு வந்தால் ஒப்பிட்டுப் பேச விஷயம் கிடைக்கும். இதைப் பேசும்போது டீச்சர் கெட்டிக்காரியா இல்லையா என்ற பேச்சே எழுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆசிரியர்களின் படிப்பு கூடினால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு லிப்பிங் மா என்ற ஆய்வாளரின் ஆய்வைக் காட்டு. அதுவும் 1999-ல் வந்ததுதான். ஒன்றே முக்காலை அரையால் வகுப்பதற்கு ஒரு கதைக்கணக்குச் சொல்லுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். கல்லூரிப் பட்டம் பெற்ற 23 அமெரிக்க ஆசிரியர்களில் ஒருவர்தான் சரியாகச் சொன்னார். அவர்களைவிடக் குறைந்த வருடங்களே படித்த சீன ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்கள் வேலையில் சேர்ந்த பிறகும் பாடப்புத்தகத்தைச் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து ஆழமாகப் படிப்பவர்கள்.

ஆசிரியர்கள் இப்படிக் கூடி உழைப்பது நம் பக்கத்திலும் இல்லாமல் இல்லை. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தங்கள் வேகத்தில் படிக்கும் முறைதான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அட்டை பரவிய அளவுக்கு, அதை உருவாக்கிய ஆசிரியர்களின் கூட்டு உழைப்பு பரவவில்லை என்பது என் எண்ணம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் ஸ்கூல் காம்ப்ளக்ஸ் கூட்டங்களிலும் சுற்றறிக்கைக்கே நேரம் போய்விடுகிறது.

இன்னொன்று. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டார். அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றார். எல்லைப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு தேவை தெரியுமா! வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 12-லிருந்து 7 போக எவ்வளவு என்று கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில் ஒரு சிறுமி, "பதிலோ ஏடு தீஸ்தே மூடு, அதோட ரெண்டு, அஞ்சு டீச்சர்" என்றாள். பத்தில் ஏழு போனால் மூன்று என்பதைத் தெலுங்கில் சொன்னாள். அவசரப்பட்டிருந்தால் அவள் யோசித்த வழி எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதனால் கேட்கிறேன், உன் மாணவிகளை இங்கே அழைத்து வா. திருத்தணியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பின்னப் பாடம் ஒன்றை முன்கூட்டியே சேர்ந்து தயார் செய்வோம். நான் எடுக்கிறேன். ஒவ்வொருத்தியும் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனித்து, எங்கே தடுமாறி நின்றது, என்ன சொன்னது என்று எழுதட்டும். என்னை மதிப்பிடும் படிவம் எதுவும் கொண்டுவர வேண்டாம். மதியம் உட்கார்ந்து பேசித் திருத்துவோம். மறுநாள் அவர்களில் ஒருத்தி அதே பாடத்தை அடுத்த ஊர்ப் பள்ளியில் எடுக்கட்டும். இரவு தங்க எங்கள் வீட்டு மாடி காலியாகத்தான் இருக்கிறது.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு தேதி எழுது. அது வந்தால்தான் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்க முடியும்.

அன்புடன்,
சரோஜா