தெக்லனிக்கா ஆற்றங்கரையில் நின்ற தம்பிக்கு

அன்புள்ள கிறிஸ் மெக்கேண்ட்லெஸ்,

நீ பிறந்தது 1968-இல். கணக்குப்படி எனக்கு நீ அண்ணன். ஆனால் அமெரிக்காவின் அலாஸ்காக் காட்டில் தனியே வாழப் போய் நீ 24 வயதிலேயே நின்றுவிட்டாய், நான் ஐம்பதை நெருங்கிவிட்டேன். அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

என் அக்கா மகன் கைப்பேசியைத் திறந்தாலே உன் படம்தான். காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்து, கடைசியில் உனக்கு வீடான அந்தப் பழைய பேருந்தில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு நீ சிரிக்கும் படம். "மாமா, இவர் ஒருத்தர்தான் உண்மையா வாழ்ந்துட்டுப் போனவர்" என்றான் போன தீபாவளிக்கு. வேலை பிடிக்கவில்லை, மனிதர்களைப் பிடிக்கவில்லை, எங்காவது காட்டுக்குப் போய்விடுகிறேன் என்கிறான். அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் வயதில் உன் கதையைப் படித்துவிட்டு இரண்டு இரவு தூங்காமல் கிடந்தவன்தான் நானும். அவனிடம் சொல்லாமல் விட்டதை உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நீ கிளம்பியதில் எனக்குக் குறையில்லை. 1990-இல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாய். கையில் இருந்த ஏறக்குறைய 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பழைய டாட்சன் காரில் மேற்கே போனாய். பாலைவனத்தில் திடீர் வெள்ளம் காரை முடக்கியதும் அதை அங்கேயே விட்டாய், மிச்சப் பணத்தையும் கொளுத்தினாய். பெயரைக்கூட மாற்றிக்கொண்டாய். வீட்டுக்குள் உங்களுக்கு நேர்ந்த காயங்களை உன் தங்கை பிற்பாடு வெளிப்படையாகவே எழுதிவிட்டாள். அதைப் படித்தபின் "பெற்றவர்களை இப்படித் தவிக்கவிடலாமா" என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் துறவு என்றதும் நினைவுக்கு வருகிறவர் பட்டினத்தார். இருந்த செல்வத்தையெல்லாம் விட்டுப் போனவர். ஆனால் அவர் கையில் ஓடு இருந்தது, தெருவில் யாரோ சோறு போட்டார்கள். தாய் இறந்தபோது வந்து கொள்ளி வைத்தார் என்பார்கள். எல்லாம் துறந்தவருக்கும் திரும்பி வர ஒரு வழி இருந்தது. உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்த வழிதான் என் மனதை அறுக்கிறது.

1992 ஏப்ரல் 28. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வெளியே உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்ட எலக்ட்ரீஷியன், உன் மூட்டையைப் பார்த்தே பயந்துபோனார். ஐந்து கிலோவுக்கும் குறைவான அரிசி, ஒரு சின்னத் துப்பாக்கி, புத்தகங்கள். நல்ல வரைபடம் இல்லை. போகாதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீ கேட்கவில்லை. கடைசியில் தன் ரப்பர் பூட்ஸையும் மதியச் சாப்பாட்டையும் உன்னிடம் கொடுத்து, உயிரோடு வெளியே வந்தால் போன் பண்ணு, பூட்ஸை எப்படித் திருப்பித் தருவதென்று சொல்கிறேன் என்றார். நீ உன் கைக்கடிகாரத்தை அவரிடம் கொடுத்துவிட்டாய். மணி என்ன, நாள் என்ன, எங்கே இருக்கிறேன் என்பதெல்லாம் தெரிய வேண்டாம் என்றாய்.

அந்தப் பூட்ஸ் என்னை விடுவதே இல்லை. முன்பின் தெரியாத மனிதர் உன் காலுக்குப் போட்டுவிட்ட கடைசி உறவு அது.

உன்னைத் திட்டுபவர்கள் அலாஸ்காவில் ஏராளம். காடு தெரியாமல் காட்டுக்குள் போனவன் என்பது அவர்கள் கோபம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜூன் 9 அன்று நீ ஒரு மூஸைச் சுட்டாய், குதிரையைவிடப் பெரிய மான். அவ்வளவு கறியையும் புகை போட்டுக் காக்கப் பார்த்தாய். தெற்கு டகோட்டா வேட்டைக்காரர்கள் உனக்குச் சொல்லித் தந்த முறை அது. அலாஸ்காக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. எங்கள் பாட்டிமார் உப்புக்கண்டத்துக்கு அரிவதுபோல மெல்லிய கீற்றுகளாக அரிந்து காற்றில் உலர்த்துவார்கள். சில நாளில் கறியில் புழு வைத்தது. அந்த மிருகத்தைச் சுடாமலே இருந்திருக்கலாம், என் வாழ்வின் பெரிய துயரங்களில் ஒன்று இது என்று எழுதினாய். பசியில் கிடந்தவன் ஓர் உயிர் வீணானதற்கு அழுதிருக்கிறான். அதை எழுதியவனை முட்டாள் என்று தள்ள என்னால் முடியாது.

ரிச்சர்ட் புரோனிக் என்றொருவர் அதே அலாஸ்காவில் இரட்டை ஏரிக்கரையில் தன் கையால் மரவீடு கட்டி, ஏறக்குறைய முப்பது வருடம் தனியே இருந்தார். அவர் ஐம்பது வயதைத் தாண்டிய மெக்கானிக், கதவின் கீலைக்கூட மரத்தில் செதுக்கத் தெரிந்தவர். இருந்தாலும் சின்ன விமானம் ஒன்று அவ்வப்போது வந்து தபாலும் மளிகையும் இறக்கிவிட்டுப் போகும். அவரும் பதில் கடிதம் கொடுத்தனுப்புவார். நீ அந்தக் கயிற்றையும் அறுத்துவிட்டுப் போனாய்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன்னைப் பைத்தியம் என்பவர்களும் ஞானி என்பவர்களும் ஒரே இடத்தைத் தாண்டிப் போகிறார்கள். நீ திரும்பி வந்துகொண்டிருந்தாய்.

ஜூன் கடைசியில் ஒரு பட்டியல் எழுதினாய். ஜீன்ஸில் ஒட்டுப் போடு, ஷேவ் பண்ணு, மூட்டையை அடுக்கு. ஷேவ் பண்ணு! மூஸுக்காகவும் அணிலுக்காகவும் யாரும் ஷேவ் பண்ணுவதில்லை. மனிதர் முன்னால் போய் நிற்கப் போகிறவனின் பட்டியல் அது. ஜூலை 3 அன்று பேருந்தை விட்டுக் கிளம்பினாய். இரண்டு மாதம் போதும் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. தேடிப் போனது கிடைத்துவிட்டதோ என்னவோ, அது உனக்குத்தான் தெரியும்.

ஜூலை 5 அன்று தெக்லனிக்கா ஆற்றங்கரைக்கு வந்தாய்.

வரும்போது அதைக் கடந்துதான் வந்தாய். ஏப்ரல் கடைசியில் மேலே பனியாறுகள் இறுகிக் கிடந்தன, ஆற்றில் தொடையளவுதான் தண்ணீர். எங்கள் ஆறுகள் கோடையில் மணலாகிவிடும். அந்த ஊர் ஆறு நேர்மாறு. வெயில் ஏற ஏறப் பனியாறு உருகும், மழையும் சேர்ந்துகொள்ளும், ஜூலையில் கரை புரளும். எலும்பைக் குடையும் குளிரில் சாம்பல் நிறத் தண்ணீர். அன்று நீ எழுதியது சில சொற்கள்தான். பேரிடர். ஆற்றைக் கடக்க முடியாது போலிருக்கிறது. தனிமை. பயம்.

நடந்து போகும் தூரத்தில், ஆற்றின் கீழ்ப்பக்கம், நீர் அளப்பவர்கள் கட்டிய இரும்புக் கம்பியும் அதில் தொங்கும் கூடையும் இருந்தன. ஆள் உட்கார்ந்து கையால் இழுத்துக்கொண்டே அக்கரை போய்விடலாம். நல்ல வரைபடத்தில் அந்த இடம் குறித்திருக்கும். நீ வரைபடம் வேண்டாம் என்றவன். பேருந்துக்கே திரும்பி நடந்தாய்.

ஜூலை 30 அன்று, மிகவும் பலவீனம், கிழங்கு விதைதான் காரணம் என்று எழுதினாய். விதையா, வெறும் பட்டினியா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை. படித்துக்கொண்டிருந்த ரஷ்ய நாவலின் ஓரத்தில், பகிர்ந்தால்தான் சந்தோஷம் நிஜம் என்று எழுதிவைத்தாய். கதவில் ஒட்டிய உதவிக் கடிதத்தில், பக்கத்தில்தான் பழம் பறிக்கப் போயிருக்கிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன், என்னைக் காப்பாற்ற இருங்கள் என்று கெஞ்சியிருந்தாய். கீழே கையெழுத்து உன் சொந்தப் பெயர். இரண்டு வருடமாகச் சுமந்த புனைபெயர் அங்கே இல்லை.

ஆகஸ்டில் நீ போய்விட்டாய். செப்டம்பர் 6 அன்று வேட்டைக்காரர்கள் கண்டெடுத்தபோது உன் உடல் எடை ஏறக்குறைய 30 கிலோ.

கலிஃபோர்னியாவில் உனக்குத் தோல்வேலை சொல்லிக்கொடுத்த எண்பது வயதுப் பெரியவரை நினைவிருக்கிறதா? மனைவியையும் ஒரே மகனையும் விபத்தில் இழந்தவர். உன்னைப் பேரனாகத் தத்தெடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். அலாஸ்காவிலிருந்து வந்ததும் பேசலாம் என்றாய். பிறகு, வீட்டை விட்டு வெளியே வாருங்கள், திறந்தவெளியில் வாழுங்கள் என்று கடிதம் போட்டாய். அவரும் வீட்டுச் சாமான்களை ஓரங்கட்டிவிட்டு, பாலைவனத்தில் நீ கூடாரம் போட்ட அதே இடத்தில் போய்த் தங்கி, மாதக்கணக்கில் உனக்காகக் காத்திருந்தார். அக்கா மகனுக்கு இந்தப் பெரியவரைப் பற்றித் தெரியாது. அவன் படத்தில் அவர் இல்லை.

நீ போன மறுவருடம் உன் அப்பாவும் அம்மாவும் ஹெலிகாப்டரில் அந்தப் பேருந்துக்கு வந்தார்கள். உன் அம்மா ஒரு பெட்டி நிறைய மருந்தும் உணவும் வைத்து, இதைப் படிப்பவர்கள் சீக்கிரம் உங்கள் பெற்றோருக்குப் போன் செய்யுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன்பின் உன்னைத் தேடி எத்தனையோ பேர் அங்கே நடந்தார்கள். 2010-இல் ஒரு பெண், 2019-இல் இன்னொரு பெண். இருவரும் அதே ஆற்றில் போய்விட்டார்கள்.

அதனால் 2020 ஜூன் 18 அன்று அலாஸ்கா தேசியக் காவல்படையினர் சினூக் ஹெலிகாப்டரில் கட்டி அந்தப் பேருந்தைத் தூக்கினார்கள். இப்போது அது ஃபேர்பேங்க்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே உன் குடும்பத்தாருக்கு நெருக்கமான ஒரு பெட்டி இருந்ததாம். அதையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வந்து சேர்த்திருக்கிறார்கள், தம்பி.