அந்த டன்லின் உங்களுடையதுதான், அண்ணா

அன்புள்ள அண்ணா,

வலசைப் பறவைகள் மீண்டும் வந்திறங்கத் தொடங்கிவிட்டன. நீங்கள் நம் பறவை ஆர்வலர் குழுவில் படம் பகிர்வதை நிறுத்தி இத்துடன் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதைத் தனிக் கடிதமாக எழுதியிருக்கலாம். ஆனால் குழுவின் பதிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பில் இருந்து உங்கள் பதிவை நான் மறுத்தது எல்லோரும் பார்க்கும்படியாக என்பதால், அந்த மறுப்பைத் திரும்பப் பெறுவதும் அவ்வாறே நடக்க வேண்டும் என்று நேற்றிரவு முடிவு செய்தேன். நீங்கள் படமெடுத்தது நம் பட்டியலிலேயே இல்லாத கரைப்பறவையான டன்லின்தான். நீங்கள் சொன்னது சரி; அதைப் போலவே தோன்றும், அங்கே கூட்டங்கூட்டமாக வரும் வளைமூக்கு உள்ளான் என்று நான் எழுதியது தவறு.

சான்று என்னிடமே இருந்தது. வன்வட்டில் இடம் போதாமல் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, நாம் இருவரும் அந்தக் கரையில் இருந்த காலையில் நான் எடுத்த 1,386 படங்களும் கண்ணில் பட்டன. அவற்றில் நான் அன்று தேர்ந்தெடுத்துச் சீராக்கியவை 9. மற்றவற்றைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. பைரி என்ற வேட்டைப் பறவை தலைக்கு மேல் பாய்ந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்ததே, அப்போது யோசிக்காமல் அழுத்திய தொடர் படங்கள் 23. முதல் படத்தில், அந்த ஒற்றை முளைக்குச்சிக்கு வலப்புறம், இரண்டு சாம்பல் உப்புக்கொத்திகளுக்கு நடுவில் உங்கள் பறவை நிற்கிறது. 14-ஆவது படத்தில் அது முதுகைக் காட்டிப் பறக்கிறது. வாலடியின் வெண்மையை இரண்டாகப் பிளந்துகொண்டு நடுவே ஒரு கரிய பட்டை ஓடுகிறது. வளைமூக்கு உள்ளானுக்கு அந்த இடம் முழு வெள்ளை. உங்கள் படத்திலும் அதே குச்சி, அதே இரண்டு உப்புக்கொத்திகள். உங்கள் கேமராவின் கடிகாரம் 4 நிமிடம் பின்தங்கியிருந்ததால் (அதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்!) நேரத்தைப் பொருத்திப் பார்க்கச் சற்றுத் திணறினேன். ஐயத்துக்கு இடமில்லை.

இனி என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நீங்கள் பகிர்ந்தது ஒரே ஒரு படம். எதிர்வெளிச்சத்தில் எடுத்தது, அதுவும் நுணுக்கங்களைச் சுருக்கிவிடும் ஜேபெக் கோப்பு. படத்தில் மணல்போல் தெரியும் இரைச்சலை நீக்குவதை அளவுக்கு மீறிக் கூட்டியதில் மார்பின் மெல்லிய கோடுகள் பூசி மெழுகினாற்போல் ஆகியிருந்தன. கால்கள் பாதி சேற்றுக்குள். அலகின் நீளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். டன்லினில் பெண்ணின் அலகு ஆணினுடையதைவிட நீளமானது, உள்ளினத்துக்கு உள்ளினம் அது மாறவும் செய்யும், குளிர்காலத்திலோ இரண்டு இனங்களும் சாம்பல் போர்த்திக்கொண்டு நிற்கும். வாலடி தெரியாத ஒரு படத்தில் இருப்பது அங்கே கூட்டங்கூட்டமாக வரும் பறவையா, நம் பட்டியலிலேயே இல்லாத பறவையா என்று கேட்டால், சரிபார்க்கும் பொறுப்பில் இருக்கும் எவரும் முதலாவதைத்தான் சொல்வார். பறவைப் பதிவுகளைத் திரட்டும் இணையத்தளமாக 2002-இல் தொடங்கப்பட்ட ஈபேர்டிலும் இதுவே நடைமுறை: வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் தன்னார்வலர் ஒருவர் சான்று கேட்பார், போதாவிட்டால் அது பொதுத் தரவில் சேராமல் பார்த்தவரின் சொந்தப் பட்டியலில் மட்டும் தங்கிவிடும்.

சந்தேகப்படக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தானே? ஹேஸ்டிங்ஸ் பறவைகளின் கதையை எனக்கு முதலில் சொன்னவர் நீங்கள். 1890-களிலிருந்து 1930 வரை இங்கிலாந்தின் அந்தச் சிறு வட்டாரத்திலிருந்து குவிந்த அரிய பறவைப் பதிவுகளை, மோசடி என்று கருதி 1962-இல் மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னீர்கள். அப்படி நீக்கப்பட்ட இனங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் பிரிட்டனில் மெய்யாகவே காணப்பட்டன என்பதையும் அன்றைக்கே சொன்னீர்கள். முன்பாதியை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

இவ்வளவு எழுதிவிட்டு 14-ஆவது படத்தை மீண்டும் திறந்தால், அந்தக் காலையின் வெளிச்சம்தான் கண்ணில் நிற்கிறது. கடலின் ஏற்றநீர் பறவைகளை எந்தத் திட்டுக்குத் தள்ளும், சூரியன் எந்தப் பக்கம் எழும் என்று முன்கூட்டியே வந்து பார்த்து, உங்கள் விரிப்பைக் கரையோரம் போட்டு வைத்திருந்தீர்கள். என் புதிய 600 மி.மீ. லென்சுக்கு அது முதல் நாள். நீங்கள் லென்சைப் பார்த்தீர்கள், கிழக்கைப் பார்த்தீர்கள், பிறகு விரிப்பை இழுத்துக்கொண்டு இருபது தப்படி அப்பால் போய்ப் படுத்தீர்கள். "நீ இங்கே படுத்துக்கொள். புது லென்சுக்கு முதல் நாளே எதிர்வெளிச்சம் வேண்டாம்." அதன் பிறகு இரண்டு மணி நேரம் எனக்குப் பறவையின் இறகு ஒவ்வொன்றும் தெரிந்தது, உங்களுக்கு மினுங்கும் நீரும் கரிய உருவங்களும் மட்டுமே தெரிந்திருக்கும். இடையில் ஒருமுறை தாழ்ந்த குரலில், "குச்சிக்கு வலப்புறம் பார், கூன் போட்டுக்கொண்டு ஒன்று நிற்கிறது" என்றீர்கள். கழுத்தைக் கூனிய அந்த நிற்பை எதிர்வெளிச்சத்திலும் நீங்கள் கண்டுகொண்டிருந்தீர்கள். நான் வேறொரு பறவையின் கண்ணில் குவியத்தை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தேன், "ம்" என்றேன், பார்க்கவில்லை.

எந்த எதிர்வெளிச்சத்தைக் காரணம் காட்டி உங்கள் படத்தைத் தள்ளினேனோ, அது எனக்காக நீங்கள் ஏற்றுக்கொண்டது. மறுப்பை எழுதியபோதும் இது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே மன்னிப்புக் கேட்கிறேன். பறவையை மாற்றிச் சொன்னது எல்லோருக்கும் நேரும் பிழை.

அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏற்றநீரின்போது பறவைகள் ஒதுங்கி ஓய்வெடுக்கும் திட்டு அது, கூட்டம் கூடினால் கலைந்துவிடும். "ஆர்வக்கோளாறு" என்று உங்களைப் பற்றி எழுதியவரின் பெயரையும் எழுதவில்லை. அவர் இதைப் படிப்பார். அந்தச் சொல்லுக்கு நான் சிரிப்புக் குறி இட்டதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் நடந்ததைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் வராது.

நான் இதைக் கண்டுபிடித்து எட்டு மாதங்கள் ஆகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் திரும்பி வந்தால் நேரில் காட்டலாம் என்று காத்திருந்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. சரிபார்ப்பவர் என்ற பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சம் மறுபாதி. ஆனால் நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? "உன் படங்களையும் ஒருமுறை பார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றிரவே பார்த்திருப்பேன். நீங்கள் வாதாடவில்லை, திட்டவும் இல்லை. 11 ஆண்டுப் படங்களை ஒரே இரவில் பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அவற்றில் இருந்தவை அழகான தனிப் பறவைகள் மட்டுமா? யாரும் பாராட்டாத, கூட்டம் முழுவதும் அடங்கிய அகலப் படங்களை ஒவ்வொரு குளிர்காலமும் அதே கரையிலிருந்து எடுத்து வைத்திருந்தீர்கள். அவற்றை வைத்துத்தான் நாங்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் டன்லினை அச்சுறு நிலையை அண்மித்த இனமாகவும், வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்புள்ள இனமாகவும் மாற்றியபோது, நம் திட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்று தொகுப்பைத் திறந்தேன். உங்கள் ஆண்டுகள் இருந்த இடம் காலியாக இருந்தது. என்மேல் கோபமென்றால் என்னோடு நிறுத்தியிருக்கலாம்.

பதிவை உங்கள் பெயரில் சேர்த்துவிட்டேன்; கண்டவர் நீங்கள், துணைப்படம் மட்டும் என்னுடையது என்று குறித்திருக்கிறேன். என் பழைய மறுப்பை அழிக்கவில்லை, அதன் கீழேயே திருத்தத்தை எழுதியிருக்கிறேன். 23 படங்களின், கேமரா பதிந்தபடியே உள்ள ரா கோப்புகளும் இன்று காலை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். 14-ஆவது படத்தில் வலது இறக்கையின் நுனி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஷட்டர் வேகத்தையும் இன்னும் கூட்டியிருக்க வேண்டும். நீங்கள் திறந்ததும் அதைத்தான் முதலில் சொல்வீர்கள். சொல்லுங்கள், அண்ணா.